அடியில் கிடக்கும் நூல்

கடலோரக் கிராமமொன்றிலே பிறந்து வளர்ந்த எமக்கு மீன்பிடித்தல் புதினமான காரியமன்று. விடியற்காலையில் வள்ளங்கள் கரைசேர்வதும், கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டும் எமது பிள்ளைப் பருவத்தோடு கலந்தவை. ஆயினும், தடியும் றீலும் கொண்டு பொழுதுபோக்காக மீன்பிடிக்கும் கலையை நாம் கற்கப் புகுந்தது வயது வந்த பின்னரேயாம். அக்கலையில் நாம் பெற்ற முதற் பாடம் ஒரு தோல்வி. அத்தோல்விக்குக் காரணம் தூண்டிலன்று, தடியன்று, இரையுமன்று. றீலின் அடியிலே எவர் கண்ணிலும் படாது சுற்றிக் கிடந்த ஒரு நூல்.

அந்த றீலைப் பழையதாகவே வாங்கியிருந்தோம். மேலே 150 யார் புதிய நைலோன் நூலைச் சுற்றினோம். அதன் கீழே முன்பு வைத்திருந்தவர் சுற்றிய பழைய நூல் அப்படியே கிடந்தது. சிக்கனம் கருதி அதனைக் கழற்றாது விட்டோம். திருகோணமலைக் கடலில் எம்மை ஏற்றிச் சென்ற வள்ளக்காரப் பெரியவர் றீலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, மேலை உள்ளது புதுசு. அடியிலை என்ன கிடக்குது?" என்று கேட்டார்.

"பழைய நூல்தான் அப்பு. அவ்வளவு தூரத்துக்கு ஒண்டும் ஓடாது" என்றோம்.

"உங்கடை அளவு மீனுக்குத் தெரியுமோ?" என்றார் அவர்.

ஒரு மணி நேரம் சென்றிராது. பெரிய பாரை ஒன்று இரையைக் கவ்விக்கொண்டு பாரை நோக்கி ஆழத்துக்கு ஓடிற்று. 150 யார் நூலும் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்தது. முடிச்சு வளையங்களினூடாகத் தட்டிச் சென்ற சத்தம் கேட்டது. அடுத்த கணமே பழைய நூல் அறுந்தது. அறுந்த நுனி பாம்புபோல் நழுவி நீருக்குள் மறைந்தது. நாம் வெட்கத்தோடு சிரித்தோம். பெரியவர் சிரிக்கவில்லை.

"மீன் போனால் போகட்டும் தம்பி. நூலையும் இழுத்துக்கொண்டெல்லோ போட்டுது. பாருக்கை சிக்கி நிண்டே சாகும்" என்றார்.

வீடு திரும்பி, றீலில் எஞ்சியிருந்த பழைய நூலைக் கையால் இழுத்துப் பார்த்தோம். விளக்குத் திரியை இழுப்பது போல அறுந்து வந்தது. அன்று தொடங்கி, இந்த அடிநூலைப் பற்றி நாம் விசாரித்தும் வாசித்தும் அறிந்தவற்றை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். தூண்டிலைத் தொடாத குடும்பத்தவருக்கும், பௌதிகம் படிக்கும் மாணவருக்கும் இதில் சுவையான சங்கதிகள் உண்டு.

அடிநூல் எதற்கு?

கடல்மீன் பிடிப்போர் கையாளும் றீலில் இரு வகை நூல் இருக்கும். மேலே இருப்பது வீசுவதற்கும் மீனோடு போராடுவதற்கும் உரிய நூல். அதன் கீழே, சுருளின் அச்சை ஒட்டிச் சுற்றப்படுவதே அடிநூல். ஆங்கிலத்தில் இதனைப் 'பக்கிங்' என்பர்.

அடிநூலுக்கு மூன்று வேலைகள் உள்ளன. முதலாவது, சேமிப்பாக இருத்தல். செயற்கை ஈயைக் கட்டி வீசும் ஈத்தூண்டில் முறையை எடுத்துக்கொள்வோம். அதில் வீசப்படும் தடித்த நூல் சுமார் 30 யார் நீளமே கொண்டது. ஆனால் அமெரிக்காவின் புளோரிடாத் தீவுகளிலும் பஹாமாத் தீவுகளிலும் முழங்காலளவு நீரில் மேயும் போன்பிஷ் என்னும் மீன், தூண்டிலில் அகப்பட்டதும் 100 யாருக்கு மேலும் ஒரே மூச்சில் ஓடவல்லது. ஆழமற்ற நீராதலால் அதற்குக் கீழே செல்ல வழியில்லை. நேரே ஓடுவதொன்றே வழி. அத்தகைய மீனுக்கு 30 யார் நூல் எம்மூலைக்குக் காணும்? ஆதலால் அதன் பின்னால் 150 முதல் 200 யார் வரை அடிநூல் சுற்றுவர். ஆளுயரம் வளரும் தார்ப்பன் மீனுக்கு 250 யாரும் அதற்கு மேலும் வேண்டும்.

இரண்டாவது வேலை, சுருளை நிரப்புதல். மெல்லிய அச்சின்மேல் நேரடியாக நூலைச் சுற்றினால், அது சிறு சிறு வளையங்களாகச் சுருண்டு பழகிவிடும். வீசும்போது நேராக நில்லாது. மூன்றாவது வேலை, பிடிப்புக் கொடுத்தல். இக்காலத்துப் பின்னல் நூல்கள் மிகவும் வழுக்குந் தன்மையுடையவை. மழமழப்பான உலோகச் சுருளில் அவற்றை நேரே கட்டினால், மீன் இழுக்கும்போது சுற்று முழுவதும் அச்சிலே வழுக்கிச் சுழலும். ஆதலால் முதலில் சில சுற்று நைலோன் நூலைச் சுற்றி, அதன்மேல் பின்னல் நூலைச் சுற்றுதல் வழக்கம்.

எமது கைத்தூண்டிற்காரருக்கு இவ்விடயம் புதியதன்று. மரக்கட்டையில் பல பாகம் நூலைச் சுற்றி வைத்திருப்போர், பெரிய மீனை எதிர்பார்க்கும்போது மேலதிகச் சுருளொன்றையும் காலடியில் வைத்திருப்பர். ஏர்னெஸ்ற் ஹெமிங்வே 1952 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கிழவனும் கடலும்' நவீனத்தை வாசித்தோர், அக்கியூபக் கிழவனும் இவ்வாறே மேலதிக நூற்சுருள்களைத் தயாராக வைத்திருந்ததை நினைவுகூர்வர். மீன் அகப்பட்டதும் அவன் மற்றத் தூண்டில்களை வெட்டிவிட்டு, அவற்றுக்குரிய சுருள்களையும் ஒன்றாக முடிந்துகொள்கிறான். கிழவனின் காலடியில் இருந்த அச்சுருள்தான் றீலின் வயிற்றுக்குள் அடிநூலாகப் புகுந்தது.

மாணவர்க்கு ஒரு சிறு கணக்கு

நூல் ஓட ஓட றீலில் நிகழும் மாற்றமொன்றைப் பலர் கவனிப்பதில்லை. றீலின் பிறேக் அச்சைப் பிடித்துக்கொள்கின்றது. அப்பிடி மாறாதிருக்க, நூல் குறையக் குறையச் சுருளின் விட்டம் மட்டும் சிறுக்கின்றது. நிறைந்த சுருளின் விட்டம் 4 அங்குலம் என்றும், 5 இறாத்தல் இழுவைக்கு நூல் நழுவுமாறு பிறேக்கைத் திருகியுள்ளோம் என்றும் வைத்துக்கொள்வோம். நூல் ஓடி விட்டம் 2 அங்குலமாகும்போது, அதே பிறேக்கை இழுத்து அசைக்க மீன் 10 இறாத்தல் பலத்தோடு இழுக்க வேண்டும். கிணற்றுத் துலாவில் கைபிடிக்கும் இடம் அச்சுக்கு நெருங்க நெருங்கப் பாரம் கூடுவது போன்றதே இது.

அதுமட்டுமன்று. விட்டம் 4 அங்குலமாயிருந்தபோது கைபிடியை ஒரு முறை சுற்றினால் சுமார் பன்னிரண்டரை அங்குல நூல் உள்ளே வந்தது. இப்போது ஆறேகால் அங்குலமே வரும். இவற்றோடு, நீருக்குள் வளைந்து கிடக்கும் நூற்றுக்கணக்கான யார் நூலைக் கடல் பிடித்து இழுக்கும் பாரமும் சேர்கின்றது. ஆகவே மீன் தூரத்தே செல்லச் செல்ல, மீன்பிடிப்பவர் தாமறியாமலே நூலின்மீது பாரத்தை ஏற்றிக்கொண்டிருக்கின்றார். அனுபவசாலிகள் அடிநூல் வெளியே வந்ததும் பிறேக்கை இறுக்குவதில்லை, தளர்த்துவர். பதற்றத்தில் இறுக்குவோரே மீனை இழப்பர். தேவையான அளவு அடிநூலைச் சுற்றி நிறைத்த றீலில் விட்டம் விரைவில் சிறுக்காது என்பதும் இக்கணக்கால் விளங்கும்.

ஆளிநார்க் காலம்

கடலில் தடியும் றீலும் கொண்டு பெருமீன் பிடிக்கும் பழக்கத்தின் தொட்டில்களில் ஒன்று கலிபோர்ணியாவை அடுத்த கற்றலீனாத் தீவு. அங்கே சாள்ஸ் பிரெட்றிக் ஹோல்டர் என்பவர் 1898 ஆம் ஆண்டில் 183 இறாத்தல் நிறையுள்ள சூரையினப் பெருமீனொன்றைத் தடியால் பிடித்தார். அவ்வாண்டிலேயே அங்குச் சூரை மீன் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. அக்காலத்து றீல்களில் இன்றுள்ளது போன்ற பிறேக் கிடையாது. தோற்றுண்டு ஒன்றைப் பெருவிரலால் நூற்சுருளின்மேல் அழுத்தி மீனைத் தடுக்க வேண்டும். மீன் ஓடும்போது கைபிடி பின்னோக்கிச் சுழன்று விரல்களை நொறுக்கிவிடுவதும் உண்டு. 1913 ஆம் ஆண்டளவிலேதான் வில்லியம் பொஷன் என்பவரின் யோசனைப்படி உட்பிறேக் பொருத்திய றீல் கடலுக்கு வந்தது.

அந்நாளில் மேல்நூலும் அடிநூலும் ஆளிச்செடியின் நாரால் முறுக்கப்பட்டவையே. நூலின் பலத்தை அதிலுள்ள இழைகளின் எண்ணிக்கையால் குறிப்பர். ஓர் இழைக்கு ஏறக்குறைய 3 இறாத்தல் என்பது கணக்கு. ஆளிநாருக்கு ஒரு விசேட குணம் உண்டு. நனைந்தால் அதன் பலம் கூடும். ஆனால் நனைந்தபடியே விட்டால் உக்கிப்போகும். ஆதலால் கடலிலிருந்து திரும்பியதும் நூல் முழுவதையும் கழற்றி, பெரிய மரச்சக்கரமொன்றில் சுற்றிக் காயவைப்பது அன்றாடக் கடமை. களைப்பினால் ஒரு நாள் அதனைச் செய்யத் தவறியவர், அடுத்த முறை மீனை இழந்தபோதே அதன் பயனை அறிந்தார். இத்தகைய நூலைக் கொண்டே நாவலாசிரியர் சேன் கிறே 1930 ஆம் ஆண்டில் தஹிற்றிக் கடலில் 1,040 இறாத்தல் மார்லின் மீனைப் பிடித்தார் என்பதை நினைக்கும்போது, அன்றையோரின் பொறுமைக்குத் தலைவணங்கவே தோன்றுகின்றது.

நைலோன் நல்லது, ஆனால் அடியிலன்று

1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வல்லஸ் கறோதர்ஸ் என்னும் விஞ்ஞானி நைலோனைக் கண்டுபிடித்தார். எமது மீனவர் தங்கூசி என்று வழங்குவது நைலோனின் ஒற்றை இழையையே. விலை மலிவு, உக்காது, நீரில் எளிதில் தெரியாது. எனவே, அடிநூலாகவும் இதனையே சுற்றினால் என்ன என்று கேட்கத் தோன்றும்.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நைலோன் இழுபடும் இயல்புடையது. பெரும்பாரத்தில், அறுமுன் தன் நீளத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேலும் நீளவல்லது. பெரிய மீனொன்றை இழுத்துச் சுற்றும்போது, நீண்ட நிலையிலேயே நூல் சுருளில் ஏறுகின்றது. ஏறியபின் ஒவ்வொரு சுற்றும் பழைய நீளத்துக்குச் சுருங்க முயலும். ஒரு சுற்றின் நெருக்கம் அற்பமே. நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஒன்றன்மேலொன்றாக நெருக்கும்போது, உலோகச் சுருளின் ஓரங்களே விரிந்து பிளந்துபோன சந்தர்ப்பங்கள் உண்டு. பிடிப்புக்காகச் சில சுற்று நைலோன் போடுவதில் குற்றமில்லை. நூற்றுக்கணக்கான யார் அடிநூலாக அதனைச் சுற்றுவது தகாது.

டேக்றனும் அதன் போட்டியாளனும்

1941 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்சன் என்னும் இருவர் பொலியெஸ்ரர் நாரை உருவாக்கினர். இங்கிலாந்தில் ரெறிலீன் என்றும் அமெரிக்காவில் டேக்றன் என்றும் அது பெயர் பெற்றது. டேக்றனைப் பின்னி ஆக்கிய நூலே நெடுங்காலமாக அடிநூலின் அரசனாக இருந்து வருகின்றது. அது உக்காது, நைலோனைவிடக் குறைவாகவே நீளும், முடிச்சு நன்றாகப் பிடிக்கும், கையையும் எளிதில் வெட்டாது. விலையும் தாங்கக்கூடியது. அதன் குறை ஒன்றே: தடிப்பு. றீலில் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும்.

அக்குறையை நீக்க வந்ததே பொலியெதிலீன் நார். 1970களின் இறுதியில் நெதர்லாந்தில் உருவான நூற்பு முறையின் பயனாகப் பிறந்த இந்நார் டைனீமா என்றும், அமெரிக்காவில் ஸ்பெக்றா என்றும் வழங்கும். இதனாற் பின்னிய 50 இறாத்தல் நூல் 30 இறாத்தல் டேக்றனைவிட மெல்லியது. ஆதலால் அதே றீலில் இன்னும் பல யார் சுற்றலாம். மெல்லிய நூலை நீரும் குறைவாகவே பிடித்திழுக்கும்.

ஆனால் இப்புதியவனுக்கும் குறைகள் உண்டு. வழுக்குவதால் சாதாரண முடிச்சு நில்லாது. இரட்டைச் சுற்று வேண்டும். தளர்வாகச் சுற்றினால், பாரம் வந்ததும் மேற்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கிடையே புதைந்து சிக்கிக்கொள்ளும். மீன் ஓடும் வேளையில் அதன்மேல் விரல் பட்டால் கத்தி போல் வெட்டும். விலையும் டேக்றனைவிட அதிகம். சிறிய றீலில் அதிக நீளம் வேண்டுவோர்க்கு இது உகந்தது. இடமுள்ள றீலை உடைய புதியவர்க்கு டேக்றனே நல்லது என்பது எமது அபிப்பிராயம். றீலின் பெட்டியில் 'இத்தனை யார் அடிநூல் கொள்ளும்' என்றிருந்தால், அது எத்தனை இறாத்தல் நூலுக்குரிய கணக்கு என்பதையும் பார்த்துக்கொள்க. 20 இறாத்தல் நூலுக்கு எழுதிய நீளம் 30 இறாத்தல் நூலுக்குப் பொருந்தாது.

பலத்தில் ஓர் ஒழுங்கு

தூண்டிலிலிருந்து அச்சு வரையுள்ள நூலெல்லாம் ஒரு சங்கிலி போன்றது. ஏதோ ஓரிடத்தில் அது அறத்தான் வேண்டுமாயின், எவ்விடத்தில் அறவேண்டும்? மீனின் வாய்க்கு மிக அருகில் என்பதே விடை. அங்கே அறுந்தால் மீன் தூண்டிலோடு ஓரிரு அடி நூலை மட்டுமே கொண்டு செல்லும், பிழைக்க வழியுண்டு. அடிநூல் அறுந்தால் நூறு யாருக்கு மேற்பட்ட நூலை இழுத்துச் செல்லும். அது பாரிலே சிக்கினால், மீன் கட்டிய கன்றுபோல் நின்று மடியும். கடலில் விட்ட நைலோன் எளிதில் அழியாதாகையால், பின்னும் பல உயிர்களைச் சிக்கவைக்கும். பெரியவர் சிரிக்காததன் காரணம் எமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஆகவே அடிநூல், அதன் முன்னாலுள்ள மிக நலிந்த நூலைவிடப் பலமுடையதாக இருத்தல் வேண்டும். 1939 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், ஈத்தூண்டிற் சாதனைகளுக்கு அனுமதிக்கும் நுனிநூலின் உச்ச வகுப்பு 20 இறாத்தல். அதற்குப் பின்னால் 20 இறாத்தல் அடிநூல் சுற்றினால் இரண்டும் சமம். எது முதலில் அறும் என்பதைக் கடல்தான் தீர்மானிக்கும். ஆதலால் பெருமீன் நாடுவோர் 30 இறாத்தல் அடிநூலையே கொள்வர். சிறிய மீன்களுக்கு மெல்லிய நுனிநூல் கட்டுவோர்க்கு 20 இறாத்தல் போதும்.

சுற்றும் முறை

எவ்வளவு அடிநூல் கொள்ளும் என்பதைச் சரியாக அறிய ஓர் எளிய வழியுண்டு. முதலில் மேல்நூலை வெறுஞ்சுருளில் சுற்றுக. அதன்மேல் அடிநூலைக் கட்டி, ஓரத்துக்குக் கால் அங்குலம் கீழே வரும்வரை சுற்றி வெட்டுக. பின்னர் இரண்டையும் கழற்றி, முறைமாற்றி, அடிநூல் கீழும் மேல்நூல் மேலுமாகச் சுற்றுக. கணக்கு மயிரிழையும் பிசகாது.

கழற்றிய நூலை எங்கே விரிப்பது என்ற கேள்வி எழும். எமது வளவில் இரண்டு தென்னைகளுக்கிடையே சுற்றி விரித்தோம். பிள்ளைகள் ஆளுக்கொரு தென்னையடியில் நின்று நூல் சிக்காது பார்த்துக்கொண்டனர். வீட்டிலுள்ள ஒருவர் ஈரத்துணியால் நூலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சுற்றுதல் வேண்டும். இடமும் வலமும் ஒரே சீராகப் பரவுமாறு, கல்லுப்போல் இறுகச் சுற்றுக. தளர்ந்த சுற்றே சிக்கலின் தாய்.

அச்சில் கட்டும் முடிச்சையும், அடிநூலையும் மேல்நூலையும் இணைக்கும் முடிச்சையும் ஈரமாக்கி இறுக்கி, முழுப்பலத்தோடு இழுத்துச் சோதித்தல் அவசியம். இணைப்பு முடிச்சு தடியின் வளையங்களில் தட்டுப்படாது நழுவுமளவு சிறிதாக இருத்தல் வேண்டும். ஈத்தூண்டிற்காரர் அடிநூலின் நுனியில் பெருங்கண்ணி ஒன்றை முறுக்கி, அதனோடு மேல்நூலின் கண்ணியைக் கோப்பர். அதற்குரிய முறுக்கு முடிச்சு பஹாமாவின் பிமினித் தீவின் பெயராலேயே வழங்குகின்றது.

கடலிலிருந்து திரும்பியதும் றீலை நல்ல தண்ணீரில் கழுவுக. அடிநூல் வெளியே சென்றிருந்தால் அதனையும் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்துக. டேக்றன் உக்காதெனினும், உப்புப் பளிங்குகள் இழைகளை அராவும்; உள்ளே தங்கிய உப்புநீர் றீலின் உலோகத்தை அரிக்கும். ஆண்டுக்கொரு முறையேனும் முழுவதையும் விரித்து விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பஞ்சுபோல் இழை எழும்பியிருந்தால், விலையை எண்ணாது மாற்றிவிடுக.

மீண்டும் அதே வள்ளம்

எமது றீலில் இப்போது 30 இறாத்தல் நைலோனின் கீழே 50 இறாத்தல் டேக்றன் 200 யார் கிடக்கின்றது. அடுத்த முறை திருகோணமலைக்குச் சென்றபோது பெரியவர் றீலை வாங்கிப் பார்த்தார். அதே கேள்வியைக் கேட்டார். நாம் விடை கூறாது, மீந்திருந்த டேக்றன் துண்டொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அவர் அதனை இரு கைகளிலும் சுற்றி, நரம்பு புடைக்க இழுத்துப் பார்த்தார்.

"இது காணும்" என்று சொல்லி, வள்ளத்தைத் தள்ளினார்.

அன்று அகப்பட்டவை இரண்டு சிறிய பாரைகள் மாத்திரமே. எதுவும் அறுபது யாருக்கு மேல் ஓடவில்லை. அடிநூல் வெளிச்சத்தைக் காணவேயில்லை. ஆயினும் ஒவ்வொரு முறை மீன் இழுத்தபோதும் எமது கை நடுங்கவில்லை. மாலையில் வீடு வந்து, றீலை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் வைத்தோம்.